வேகம் கூடினால் சுருதி ஏறும்: டிஜே கலையின் உள்கணக்கு

நடன அரங்குகளில் இசைத்தட்டுகளைக் கோத்து ஒலிக்கச் செய்யும் டிஜேயின் வேலை, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கிவைப்பதோடு நின்றுவிடுவதில்லை. முதற்பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை அதனுள் நுழைத்து, ஆடுவோரின் கால்கள் ஒரு தட்டுகூடத் தவறாதபடி ஓரிரு நிமிடங்கள் இரண்டையும் ஒரே இசையாக ஒலிக்கவிட்டு, பின்னர் முதலாவதை மெல்ல விலக்கிக்கொள்வதே அக்கலையின் உயிர்நாடி. அந்த ஓரிரு நிமிடங்களுக்கு இரண்டு பொருத்தங்கள் தேவைப்படுகின்றன. பாட்டுகளின் காலப்பிரமாணம், அதாவது டெம்போ எனப்படும் தாள வேகம், ஒன்றாக இருக்க வேண்டும். அவற்றின் சுருதி ஒன்றாகவோ ஒன்றுக்கொன்று உறவுடையதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது பொருத்தத்தையும் கருதிச் செய்யும் கலப்பை ஹார்மோனிக் மிக்ஸிங், அதாவது சுருதி இசைவுக் கலப்பு என்பார்கள். முதற்பொருத்தத்துக்காக வேகத்தில் செய்யும் திருத்தமே இரண்டாவது பொருத்தத்தைக் குலைத்துவிடக்கூடும் என்பதுதான் இக்கலையின் நடுவில் இருக்கும் சிக்கல். அதன் கணக்கு எளியது, ஆனால் அதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் கலப்பு தற்செயலை நம்பியே நடக்கிறது.

தட்டோடு தட்டு சேர்ந்த வரலாறு

நியூயார்க் நகரில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்கிய தி சாங்ச்சுவரி என்ற நடன அரங்கில், 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்த ஃபிரான்சிஸ் கிராசோ, இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறார். சுழலும் தகட்டுக்கும் இசைத்தட்டுக்கும் நடுவே வழுக்கும் விரிப்பு ஒன்றை இட்டு, கீழே தகடு சுழன்றுகொண்டிருக்க, மேலே இசைத்தட்டை விரலால் பிடித்து நிறுத்தி, ஹெட்ஃபோனில் கேட்டுச் சரியான தட்டு வரும் இடத்தில் விரலை எடுப்பது அவர் கையாண்ட உத்தி. அக்கால இசைத்தட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர்கள் மனிதர்கள் ஆகையால், ஒரே பாட்டுக்குள்ளும் வேகம் சற்றே கூடும், சற்றே குறையும். எனவே இரண்டு பாட்டுகளையும் நெடுநேரம் சேர்த்தே ஓட்ட வேண்டுமானால், சுழலும் வேகத்தைக் கையால் இடைவிடாது திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தேவைக்கு ஏற்ற கருவி ஜப்பானிலிருந்து வந்தது. மட்சுஷிதா நிறுவனம், வார்ப்பட்டை இல்லாமல் மோட்டாரே தகட்டை நேரடியாகச் சுழற்றும் எஸ்எல்-1200 என்ற டர்ன்டேபிளை டெக்னிக்ஸ் என்ற வணிகப்பெயரில் 1972இல் வெளியிட்டது. 1979இல் வந்த அதன் எம்கே2 வடிவத்தில், ஒரு விரலால் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய நீளமான ஸ்லைடர் இடம்பெற்றது. அதைக்கொண்டு வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டலாம், 8 விழுக்காடு வரை குறைக்கலாம். வீட்டில் இசை கேட்போருக்காக உருவான அந்தக் கருவி உலகெங்கும் டிஜேக்களின் அடிப்படைக் கருவியாக நிலைபெற்றதற்கு அதன் உறுதியோடு இந்த ஸ்லைடரும் காரணம். ஆனால் ஸ்லைடர் ஒவ்வொரு முறை நகரும்போதும் தாள வேகத்தோடு சேர்ந்து இன்னொன்றும் நகர்ந்தது.

வரிப்பள்ளத்தில் இருப்பது அலை

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஒலியலையின் வடிவமே நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. ஊசி அந்த நெளிவுகளின் வழியே செல்லும்போது ஒரு நொடியில் எத்தனை நெளிவுகளைக் கடக்கிறதோ அதுவே ஒலியின் அதிர்வெண்; அதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிப்பிடுவார்கள். ஒரு வயலினின் ஏ சுரம் நொடிக்கு 440 அதிர்வுகளாகப் பதிவாகியிருக்கிறது என்றால், இசைத்தட்டு ஒரு விழுக்காடு வேகமாகச் சுழலும்போது ஊசி நொடிக்கு 444.4 நெளிவுகளைக் கடந்தாக வேண்டும். இரண்டு டிரம் தட்டுகளுக்கு இடையிலான தூரமும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது என்பதால், தட்டுகள் நெருங்கி வரும் அதே விகிதத்தில் சுரங்களும் மேலேறுகின்றன. இசைத்தட்டைப் பொறுத்தவரை தாள வேகமும் சுருதியும் ஒரே அச்சில் சுழல்பவை.

இந்த மாற்றம் பாட்டின் எல்லாச் சுரங்களையும் ஒரே விகிதத்தில் பெருக்குகிறது. இசையில் இரண்டு சுரங்களின் உறவைத் தீர்மானிப்பது அவற்றின் அதிர்வெண் விகிதமே ஆகையால், உள்ளுறவுகள் எதுவும் கெடுவதில்லை. மெட்டு மெட்டாகவே இருக்கிறது, மொத்தப் பாட்டும் வேறொரு சுருதிக்கு நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். தனியாகக் கேட்பவர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. குரல்கள் மட்டும் வேகம் கூடும்போது சற்றே மெலிந்தும், குறையும்போது சற்றே தடித்தும் ஒலிக்கும். பாடுபவரின் தொண்டையும் வாயும் குரலுக்குத் தரும் தனித்த நிறம்கூட அதிர்வெண்ணோடு சேர்ந்து நகர்ந்துவிடுவதே அதற்குக் காரணம். நகராத இன்னொரு பாட்டோடு சேர்த்து ஒலிக்கும்போதுதான் விலகல் காதில் உறுத்துகிறது.

எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு சுருதி

மேலை இசை இன்று பெருவழக்காகக் கையாளும் சமப் பகுப்பு முறையில், ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம விகிதப் படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு படியும் ஓர் அரைச்சுரம். ஸ்தாயி என்பது அதிர்வெண் இருமடங்காகும் தொலைவு ஆகையால், பன்னிரண்டு முறை தன்னாலேயே பெருக்கினால் 2 ஆகும் எண்ணே ஓர் அரைச்சுரத்தின் விகிதம். அது ஏறத்தாழ 1.0595. பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்லும் வழக்கத்தின்படி பார்த்தால், ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள இடைவெளி இதுவே. ஆகவே ஓர் இசைத்தட்டின் வேகத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டினால் பாட்டு ஓர் அரைச்சுரம் மேலேறும், ஏறத்தாழ 5.6 விழுக்காடு குறைத்தால் ஓர் அரைச்சுரம் கீழிறங்கும்.

இடைப்பட்ட அளவுகளைச் சொல்ல சென்ட் என்ற அலகு பயன்படுகிறது. ஆங்கில அறிஞர் அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் 1885இல் பல நாட்டு இசை அளவைகளை ஒப்பிடுவதற்காகக் கையாண்ட இந்த அலகில், ஓர் அரைச்சுரம் 100 சென்ட், ஒரு ஸ்தாயி 1200 சென்ட். வேகத்தில் ஒரு விழுக்காட்டு மாற்றம் சுருதியில் ஏறத்தாழ 17 சென்ட் மாற்றமாகும்; சிறிய மாற்றங்களுக்கு, விழுக்காட்டை 17ஆல் பெருக்கினாலே போதுமான துல்லியம் கிடைத்துவிடும். எஸ்எல்-1200 ஸ்லைடரை மேல் எல்லைக்குத் தள்ளினால் பாட்டு 133 சென்ட் ஏறுகிறது. கீழ் எல்லைக்கு இழுத்தால் 144 சென்ட் இறங்குகிறது. ஒரு கைப்பிடி நீளமுள்ள அந்த ஸ்லைடரின் முழு ஓட்டத்துக்குள் ஏறக்குறைய மூன்று அரைச்சுரங்கள் அடங்கியிருக்கின்றன. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகளில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டாலோ, சுருதி 520 சென்ட் ஏறி, சட்ஜமத்தில் நின்றது சுத்த மத்தியமத்தையும் சற்றே தாண்டிப் போய்விடும்.

சுருதிகளின் வட்டம்

மேலை இசையில் ஒரு பாட்டின் கீ என்பது, அது எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டிருக்கிறது, அந்த ஆதாரத்தின்மேல் எந்தச் சுரவரிசையை அமைத்துக்கொண்டிருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெயர். சி மேஜர் என்பதைச் சுரவரிசையளவில் ஒரு கட்டைச் சுருதியில் சங்கராபரணம் என்றும், ஏ மைனர் என்பதை ஆறு கட்டைச் சுருதியில் நடபைரவி என்றும் கொள்ளலாம். சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் நடபைரவி பிறப்பதுபோலவே, சி மேஜரும் ஏ மைனரும் ஒரே ஏழு சுரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆதாரம் மட்டுமே வேறு. பன்னிரண்டு ஆதாரச் சுரங்களுக்கு மேஜர் ஒன்று, மைனர் ஒன்று என மொத்தம் 24 கீகள் உண்டு.

எந்தக் கீ எதனோடு இசையும் என்பதை, பஞ்சம உறவில் அடுத்தடுத்து வைத்த வட்டமாகக் காட்டும் வழக்கம் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அந்த வட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கீகள் தங்கள் ஏழு சுரங்களில் ஆறைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐந்தாவது இடம் வரை, ஒவ்வோர் இடம் தள்ளிப்போகும்போதும் பொதுச் சுரம் ஒன்று குறைகிறது. மார்க் டேவிஸ் என்பவர் இந்த வட்டத்தைக் கடிகார முகம்போல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு, மைனருக்கு ஏ, மேஜருக்கு பி என்ற எழுத்துகளைச் சேர்த்து, கேமலாட் சக்கரம் என்ற பெயரில் டிஜேக்களின் பயன்பாட்டுக்குத் தந்தார். ஏ மைனர் அதில் 8ஏ. சி மேஜர் 8பி. ஒலிக்கும் பாட்டு 8ஏ என்றால் அடுத்த பாட்டு 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் இசையும் என்ற விதி, இசைக்கோட்பாடு படிக்காதவருக்கும் எட்டக்கூடியது. பாட்டுக் கோப்புகளை ஆராய்ந்து இந்த எண்ணைத் தாமே கண்டு எழுதும் மிக்ஸ்டு இன் கீ முதலிய மென்பொருள்கள் வந்தபிறகு, சுருதி இசைவுக் கலப்பு எல்லோருக்கும் எளிதான ஒன்றுபோலத் தோன்றலாயிற்று.

ஆனால் அந்த எண் பாட்டின் சொந்த வேகத்துக்கு மட்டுமே உரியது. சுருதி ஓர் அரைச்சுரம் ஏறினால் சக்கரத்தில் அந்தப் பாட்டு ஓரிடம் நகர்வதில்லை, ஏழு இடங்கள் தாவுகிறது. ஏ மைனரான 8ஏ, ஓர் அரைச்சுரம் ஏறி பி ஃபிளாட் மைனராகும்போது 3ஏ ஆகிறது; ஓர் அரைச்சுரம் இறங்கினால் 1ஏ. செவிக்கு மிக அருகில் இருக்கும் சுருதி, இசைவில் மிகத் தொலைவில் இருக்கிறது. ஒருபுறமாக ஏழு இடங்கள் என்பது மறுபுறமாக எண்ணினால் ஐந்து இடங்கள் ஆகையால், அரைச்சுர இடைவெளியில் உள்ள இரண்டு மேஜர் வரிசைகளுக்கு ஏழில் இரண்டே சுரங்கள்தாம் பொது.

நான்கு இசைத்தட்டுகளின் கணக்கு

அரங்கில் நிமிடத்துக்கு 126 தட்டுகள் என்ற தன் சொந்த வேகத்தில், அதாவது 126 பிபிஎம்மில், ஏ மைனர் பாட்டு ஒன்று ஓடுகிறது என்று கொண்டால், அடுத்து வரக்கூடிய நான்கு இசைத்தட்டுகளின் நிலை வெவ்வேறாக இருக்கும். முதலாவது 125 பிபிஎம் வேகமுள்ள ஏ மைனர் பாட்டு. அதை 126க்கு உயர்த்த 0.8 விழுக்காடு போதும், சுருதி 14 சென்ட் மட்டுமே ஏறும், கலப்பு நன்றாகவே அமையும். இரண்டாவது 122.5 பிபிஎம் வேகமுள்ள ஏ மைனர் பாட்டு, அதற்கு 2.86 விழுக்காடு வேண்டும், சுருதி 49 சென்ட் ஏறி ஏ மைனராகவும் இல்லாமல் பி ஃபிளாட் மைனராகவும் இல்லாமல் நடுவில் நிற்கும். மூன்றாவது 119 பிபிஎம் வேகமுள்ள ஏ மைனர் பாட்டு, 5.88 விழுக்காடு உயர்த்தியதும் அது 99 சென்ட் ஏறிக் கிட்டத்தட்ட முழுமையாக பி ஃபிளாட் மைனராகிவிடும், உறையில் இரண்டுக்கும் 8ஏ என்றே எழுதியிருந்தாலும் அரங்கில் 8ஏயும் 3ஏயும் மோதும். நான்காவதும் 119 பிபிஎம்தான், ஆனால் ஜி ஷார்ப் மைனர், அதாவது 1ஏ. எண்களை மட்டும் பார்த்தால் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய இந்தப் பாட்டு, வேகம் கூடியதும் ஏ மைனராகி, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இங்கே பலரும் நினைக்கும் ஒரு மாற்றுவழி உண்டு. இரண்டாவது இசைத்தட்டை முழுவதுமாக உயர்த்துவதற்குப் பதில், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைச் சற்றே குறைத்து, வரும் பாட்டைச் சற்றே கூட்டி, இரண்டையும் 124இல் சந்திக்கவைத்தால் சுருதி வேறுபாடு குறையும் என்று தோன்றும். கணக்கு அப்படி அமைவதில்லை. ஓடும் பாட்டு 28 சென்ட் இறங்குகிறது, வரும் பாட்டு 21 சென்ட் ஏறுகிறது, இடைவெளி அதே 49 சென்ட். எந்தப் பொது வேகத்தில் சந்தித்தாலும், இரண்டு பாட்டுகளின் சொந்த வேகங்களுக்கு இடையிலுள்ள விகிதமே அவற்றின் சுருதி விலகலைத் தீர்மானிக்கிறது. இதன் மறுபக்கம் டிஜேக்கு உதவியானது: ஒன்றோடொன்று இசைந்து ஓடும் இரண்டு இசைத்தட்டுகளை ஒரே விகிதத்தில் எவ்வளவு வேகப்படுத்தினாலும் அவற்றின் இசைவு குலைவதில்லை. அவ்வாறே 87 பிபிஎம் பாட்டு ஒன்றை 174 பிபிஎம் பாட்டோடு சேர்க்கும்போது, ஒன்றின் ஒரு தட்டுக்கு மற்றதன் இரண்டு தட்டுகள் என்று இயல்பாகவே பொருந்துவதால், வேகத்தையோ சுருதியையோ தொடவே வேண்டியதில்லை.

இரண்டுங்கெட்ட இடம்

மேற்கண்ட நான்கில் மிகவும் தொல்லை தருவது, முழு அரைச்சுரம் விலகிய மூன்றாவது அன்று. பாதி அரைச்சுரம் விலகிய இரண்டாவதுதான். முழு அரைச்சுரம் விலகிய பாட்டு வேறொரு கீயில் இருக்கிறது என்றாவது சொல்லலாம். அந்தக் கீக்கு இசைந்த இன்னொரு பாட்டை அதற்குத் தேடிக்கொள்ளலாம். ஏறத்தாழ 3 விழுக்காடு வேகம் மாறிய பாட்டோ, சொந்த வேகத்தில் ஓடும் எந்தப் பாட்டின் கீயோடும் சேராது. சுருதி சேராத இரண்டு தம்புராக்களை அருகருகே மீட்டினாற்போல, சுரத்துக்குச் சுரம் உரசும்.

அந்த உரசலின் காரணத்தை இயற்பியல் தெளிவாகச் சொல்கிறது. அதிர்வெண்ணில் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேரும்போது, அவை ஒரு கணம் ஒன்றையொன்று வலுப்படுத்தி, மறுகணம் ஒன்றையொன்று தணித்து, ஒலி விம்மி விம்மி அடங்கும். நொடிக்கு எத்தனை விம்மல்கள் என்பது இரண்டு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில், இசையின் இணக்கத்தையும் பிணக்கத்தையும் இந்த விம்மல்களைக் கொண்டே விளக்கினார். நடன இசையின் அடித்தளமான பேஸ், 55 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஏ சுரத்தில் நிற்கிறது என்று கொண்டால், இரண்டாவது இசைத்தட்டின் அதே சுரம் 56.57 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கும். ஆகவே நொடிக்கு 1.57 விம்மல்கள் எழும். 126 பிபிஎம்மில் நொடிக்கு 2.1 தட்டுகள் விழுவதால், நான்கு தட்டுகளுக்கு ஏறக்குறைய மூன்று முறை பேஸ் பொங்கி வற்றும். இரண்டு பாட்டுகளையும் உருவாக்கியவர்கள் எவரும் எழுதாத மூன்றாவது தாளம் ஒன்று, பெரிய ஒலிபெருக்கிகளின் வழியே தரையையே அதிரவைக்கும். ஒவ்வொரு ஸ்தாயி மேலே செல்லும்தோறும் விம்மல்கள் இருமடங்காகி, 440 ஹெர்ட்ஸ் அளவில் நொடிக்குப் பன்னிரண்டைத் தாண்டும்போது, அவை தனித்தனி விம்மல்களாகக் கேட்காமல் கரகரப்பாக மாறுகின்றன. 14 சென்ட் விலகிய முதலாவது இசைத்தட்டிலோ, பேஸின் விம்மல் இரண்டு நொடிக்கு ஒன்றுக்கும் குறைவு. அதைச் செவி எளிதில் பொறுத்துக்கொள்கிறது.

பதிவுக்கூடத்திலும் திரையிலும்

வேகமும் சுருதியும் பிணைந்திருப்பது டிஜேக்களுக்கு முன்பே பதிவுக்கூடங்கள் அறிந்த உண்மை. பீட்டில்ஸ் குழுவினர் 1966இன் இறுதியில் லண்டனில் பதிவுசெய்த ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர் என்ற பாட்டு, வெவ்வேறு வேகத்திலும் வெவ்வேறு சுருதியிலும் பதிவான இரண்டு வடிவங்களை ஒட்டி உருவாக்கப்பட்டது. ஒன்றின் தொடக்கமும் மற்றதன் பிற்பகுதியும் ஜான் லென்னனுக்குப் பிடித்திருந்ததால், இரண்டையும் இணைக்கும்படி அவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினைக் கேட்டுக்கொண்டார். வேகமான வடிவம் மேல் சுருதியிலும் மெதுவான வடிவம் கீழ்ச் சுருதியிலும் அமைந்திருந்தது நற்பேறு. அதனால் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் ஒலிநாடாவின் ஓட்டத்தைத் திருத்தியபோது வேகமும் சுருதியும் ஒருசேர நெருங்கி வந்தன. பாட்டின் முதல் நிமிடம் முடியும் இடத்தில் உள்ள அந்த ஒட்டு, மேலே கண்ட நான்காவது இசைத்தட்டின் கணக்கேதான். வேகமான வடிவம் கீழ்ச் சுருதியில் இருந்திருந்தால், இந்த வழியில் இரண்டையும் இணைத்திருக்கவே முடியாது.

திரைப்படப் பாடல்களை நேசிப்பவர்களும் இந்தப் பிணைப்பை அறியாமலே கேட்டிருக்கிறார்கள். திரையரங்கில் நொடிக்கு 24 படச்சட்டங்களாக ஓடும் படத்தை, பால் என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய நாடுகளின் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது, நொடிக்கு 25 சட்டங்களாக வேகப்படுத்தி ஓட்டுவது நீண்டநாள் வழக்கம். இந்தியாவும் இலங்கையும் பால் முறை நாடுகளே. சுருதியைத் தனியே திருத்தாமல் அவ்வாறு மாற்றினால், 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிவதோடு, அதன் பாடல்கள் அனைத்தும் 71 சென்ட் ஏறிவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளிவந்த இசைத்தட்டுகளும் எல்லாம் 78 சுற்றுகளில் பதிவானவை அல்ல. 74 சுற்றுகளில் பதிவான ஒரு தட்டை 78இல் ஓடவிட்டால் பாடகரின் சுருதி 91 சென்ட், அதாவது கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம் ஏறிக் கேட்கும் ஆகையால், அக்காலப் பாடகர்கள் எந்தக் கட்டையில் பாடினார்கள் என்று பழைய பதிவுகளைக் கொண்டு முடிவுகட்டும் எவரும் முதலில் சுழற்சி வேகத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பிணைப்பை அவிழ்த்த கருவி

வேகத்தையும் சுருதியையும் நேர்த்தியாகப் பிரிக்க வேண்டுமானால், ஒலியை எண்களாக மாற்றிக் கணினியின் வழியே செலுத்த வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளனகன், கோல்டன் ஆகிய இருவர் 1966இல் வெளியிட்ட ஃபேஸ் வோகோடர் என்ற முறை இதற்கு அடித்தளமிட்டது. ஒலியை நொடியின் மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு வலுவோடு இருக்கின்றன என்று ஃபூரியர் கணிதத்தால் பிரித்தறிந்து, அவற்றை வேறு இடைவெளியில் மீண்டும் அடுக்கினால், அதிர்வெண் மாறாமல் கால அளவு மட்டும் மாறும். இன்னொரு முறை, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவைத்து, வேகம் கூட வேண்டுமானால் சில துண்டுகளை விட்டும், குறைய வேண்டுமானால் சிலவற்றைத் திரும்ப இட்டும், அலைகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் பார்த்துத் தைப்பது. பயனியர் நிறுவனம் 1994இல் வெளியிட்ட சிடிஜே-500 என்ற குறுந்தட்டுக் கருவியில் மாஸ்டர் டெம்போ என்ற பெயரில் இந்த வசதி டிஜேக்களின் கைக்கு வந்தது. மற்றக் கருவிகளிலும் மென்பொருள்களிலும் அது கீ லாக் எனப்படுகிறது. அதை இயக்கிவிட்டால், வேகத்தை எப்படி நகர்த்தினாலும் பாட்டு தன் சொந்தக் கீயிலேயே நிற்கும். உறையில் எழுதிய 8ஏ அரங்கிலும் 8ஏயாகவே இருக்கும். 2020இல் வந்த சிடிஜே-3000 போன்ற கருவிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, வேகத்தைத் தொடாமலே கீயை மட்டும் ஏற்றி இறக்கவும் வழிசெய்கின்றன.

இந்த விடுதலைக்கு ஒரு விலை உண்டு. நீண்டு ஒலிக்கும் சுரத்தை நீட்டுவதும் குறுக்குவதும் எளிது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் டிரம் தட்டின் தொடக்கத்தை அவ்வாறு செய்ய முடியாது. துண்டு தவறான இடத்தில் வெட்டப்பட்டால், கிக் டிரம்மின் கூர்மையான முதல் அடி மழுங்கிவிடும், அல்லது ஒரே அடி இரண்டாகத் தெறிக்கும். பேஸின் நீண்ட அலைகள் சிறிய துண்டுகளுக்குள் முழுமையாக அடங்காததால் நடுக்கம் காணும். குரலில் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோன்ற ஓர் ஒலி படியும். ஓரிரு விழுக்காட்டு மாற்றத்தில் இவை பெரும்பாலும் காதில் படுவதில்லை. மாற்றம் பெரிதாகப் பெரிதாகத் தெளிவாகக் கேட்கின்றன. எனவே அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குமேல் நகராத ஒரு விழுக்காட்டுக்குக் குறைவான திருத்தங்களுக்குக் கீ லாக்கை விலக்கிவிட்டு ஒலியின் தூய்மையைக் காத்துக்கொள்வதும், சுருதி உண்மையாகவே கெடும் இடத்தில் அதை இயக்குவதும் அறிவுடைய நடைமுறை. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு கீ லாக் இல்லாமல் ஏற்கெனவே 28 சென்ட் இறங்கியிருக்கும்போது, வரும் பாட்டைக் கீ லாக்கில் வைத்தால், அதே 28 சென்ட் விலகல் அப்படியே நிற்கும். இரண்டும் பூட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது கணக்கைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

செவியும் எண்ணும்

மென்பொருள் தரும் கீ எண்ணும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஒரு பாட்டில் பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கூட்டி, அந்தப் பரவலை 24 கீகளின் மாதிரிப் பரவல்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதைத் தேர்வதே அத்தகைய நிரல்களின் அடிப்படை வழி. எல்லாச் சுரங்களையும் பகிர்ந்துகொள்ளும் சி மேஜரும் ஏ மைனரும், பெரும்பாலானவற்றைப் பகிர்ந்துகொள்ளும் பஞ்சம உறவுக் கீகளும் இதில் எளிதில் ஒன்றுக்கொன்று மாறிப்போகின்றன. மேலும், பன்னாட்டுத் தரமான 440 ஹெர்ட்ஸ் அளவில் சுருதி சேர்க்கப்படாத பாட்டுகளும், நாடாவின் வேகம் திருத்தி வெளியிடப்பட்ட பழைய பாட்டுகளும் இரண்டு கீகளுக்கு நடுவிலேயே பிறந்தவை; அவற்றுக்கு எந்த முழு எண்ணும் முற்றாகப் பொருந்துவதில்லை. ஸ்லைடரில் இரண்டு மூன்று விழுக்காடு நகர்த்தும்போது அத்தகைய பாட்டு சரியான சுருதிக்கு வந்து சேர்வதும் உண்டு.

ஆகவே நல்ல டிஜே தம் பட்டியலில் கீயோடு சொந்த வேகத்தையும் எழுதிவைத்துக்கொள்கிறார். அரங்கில் ஓடும் வேகத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை விழுக்காடாக்கி, 17ஆல் பெருக்கிப் பார்க்கிறார். விலகல் 20 சென்டுக்குள் இருந்தால் தயங்காமல் கலக்கிறார். 100 சென்டை நெருங்கினால், சக்கரத்தில் ஏழு இடம் தள்ளிப் புதிய எண்ணைக் கொண்டு பாட்டைத் தேர்கிறார். 50 சென்டை நெருங்கினால் கீ லாக்கை நாடுகிறார். கீ லாக் இல்லாத இசைத்தட்டு என்றால், சுரம் ஏதும் இல்லாமல் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் தொடக்கப் பகுதியிலும் முடிவுப் பகுதியிலும் கலப்பை முடித்துக்கொள்கிறார். நடன இசைத்தட்டுகளில் அத்தகைய பகுதிகள் நீளமாக அமைக்கப்படுவதே டிஜேயின் கலப்புக்காகத்தான்.

கேமலாட் சக்கரமும் கீ லாக்கும் இக்கலையைப் பலருக்கும் திறந்துவிட்டன என்பது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆயினும் உறையில் எழுதப்பட்ட கீ, பாட்டுக்கு என்றென்றைக்கும் உரிய பெயராகாது. அது எந்த வேகத்தில் ஒலிக்கிறதோ அந்த வேகத்தோடு சேர்ந்தே அதன் சுருதி உண்மையாகிறது. இதை உணர்ந்தவருக்கு ஸ்லைடர் தாளத்தைத் திருத்தும் கருவியாக மட்டும் நில்லாமல், சுருதி சேர்க்கும் பிருடையாகவும் ஆகிறது. எண்கள் ஒதுக்கிவைத்த பாட்டுகளிலிருந்தும் இசைவான இணைகளைக் கண்டெடுக்க அவரால் முடியும். கணக்கு சரியென்று சொன்னபிறகும் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்வது கிராசோவின் காலம் முதல் மாறாத நெறி. இன்றைய கருவி எதுவும் அந்தப் பொறுப்பைச் செவியிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.